மஞ்சப்பையும் நான் அடித்த ஒரு கிண்டலும்



நேற்று உழவர் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காயை எடை போட்ட பிறகுதான் பை கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கடைக்கார அம்மா கேட்கும் முன்பே ஒரு கேரி பேக்கை உதறிப் பிரித்துவிட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி என் முன்னால் வைத்தாள். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பைகள். எண்ணிப் பார்த்தேன், 23 இருந்தன.

வரலாற்று வாத்தியார் கையில் 23 பைகள் கிடைத்தால் சும்மா இருப்பானா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிதீன் பிறந்தது 1933-ல், இங்கிலாந்தில். ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேறு எதையோ தேடியபோது, அழுத்தக் கலத்தின் அடியில் வெள்ளை மெழுகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் ரேடார் கம்பிகளுக்கு உறை போட உதவியது. கடையில் கிடைக்கும் பையாக அது மாறியது பிறகுதான். இரண்டு பக்கமும் காது வைத்த, ஒரே துண்டில் வெட்டிய இன்றைய பையை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965-ல் அவருடைய நிறுவனத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்களை வெட்டுகிறார்களே என்ற கவலையில்தான் அப்பா இதைச் செய்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். துலின் ஒரு பையை மடித்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பாராம், திரும்பத் திரும்பப் பயன்படுத்த! நேற்று எனக்கு அந்தப் புத்திகூட இல்லை.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது கடைக்குப் போவதென்றால் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கையில் போகும். எண்ணெய்க்குத் தூக்கு, மண்ணெண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டிய பாட்டில், காய்க்கு மஞ்சப்பை. பருப்பும் மிளகும் பழைய தினத்தாளில் பொட்டலமாக வரும். அந்த நூலையும் அம்மா பிரித்துச் சுருட்டி வைப்பார். மஞ்சப்பை கிழிந்தால் தைப்பார்கள், தைக்க முடியாமல் போனால் அடுப்படியில் பிடிதுணி. சுற்றுச்சூழல் என்ற சொல்லே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காசு இல்லை, அவ்வளவுதான். அந்த நாளைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பழக்கம் ஏன் போனது? பிளாஸ்டிக் மலிவு, மழையில் நனையாது, மீன் வாங்கினால் தண்ணீர் சொட்டாது. எல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, செய்தவனே நான்தான்.

1991 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன் புத்தகங்களை மஞ்சப்பையில் கொண்டுவருவான். மணமக்கள் பெயர் அச்சடித்த பை. ஒரு நாள் நான், "என்னடா, எந்தக் கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வர்றே?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அவன் ஜவுளிக்கடை பாலிதீன் பையில் புத்தகம் கொண்டுவந்தான். அந்த மாதம் முடிவதற்குள் மஞ்சப்பையோடு வந்த மற்ற நாலைந்து பேரும் பையை மாற்றிவிட்டார்கள். சினிமாவில் பட்டணத்துக்கு வந்திறங்கும் பட்டிக்காட்டான் கையில் அந்தப் பையைக் கொடுத்துச் சிரித்த காலம் அது. வகுப்பில் அந்த வேலையை நான் செய்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சாக்கடை அடைத்தது, மாட்டு வயிற்றுக்குள் போனது. பங்களாதேஷில் 1988, 1998 பெருவெள்ளங்களின்போது வடிகால்களை அடைத்ததில் பாலிதீன் பைகளுக்குப் பங்கு உண்டு என்று கண்டு, 2002-ல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்கியது. நான் கேலி செய்த அதே பை! பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் பருத்திப் பை நல்லது என்று சொல்ல வேண்டுமானால், அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் செலவாகிறதே! சாக்கடையும் மாடும் இந்தக் கணக்கில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போனால் ஒரு பைக்கு ஒன்றேகால் வருடம். என் 23 பைகளுக்கு 29 வருடம். எனக்கு வயது 69. கணக்கு உதைக்கிறது.

அம்மாவிடம் இருந்தது இரண்டே பை. அவற்றில் ஒன்று எப்போதும் வாசல் ஆணியில் தொங்கும். 131 எல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை. நாங்கள் பரணில் அடுக்கிவைத்துவிட்டு, சந்தைக்கு வெறுங்கையோடு போகிறோம்.

இன்று காலை செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஓர் ஆணி அடித்து ஒரு பையை மாட்டினேன். இரண்டை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தேன். மீதியைச் சந்தையில் அந்த அம்மாவிடமே கொடுத்து, பை மறந்து வருபவர்களுக்குக் கொடுக்கச் சொல்லப்போகிறேன்.

அந்தப் பையன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான், என் பதிவுகளுக்குத் தவறாமல் விருப்பக்குறியும் போடுகிறான். பெயர் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். தம்பி, அன்று நான் சொன்னது தப்பு. முப்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் உறவுகளே, எங்களுக்குத் தாம்பூலப் பை வேண்டாம். தேங்காயைக் கையில் கொடுங்கள், பை நான் கொண்டுவருகிறேன்.