திருச்சி, திருவரங்கம்: பழைய வரைபடங்கள், படங்கள், ஏடுகள்

காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டை; காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் திருவரங்கம். இவ்விரண்டையும் காட்டும் 18, 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களும் ஓவியங்களும் ஒளிப்படங்களும் கையெழுத்து ஆவணங்களும் லண்டன், பாரிஸ், சென்னை, புதுச்சேரி எனப் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. பக்தியோ கலையார்வமோ இவற்றைத் தொடங்கிவைக்கவில்லை. பீரங்கி தொடங்கிவைத்தது.

போர் வரைந்த வரைபடங்கள்

1751 முதல் 1754 வரை திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி கோட்டைக்குள்; பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் வெளியே. ஆங்கிலேயர் பக்கத்து ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததே இந்த முற்றுகையைத் தளர்த்தத்தான். 1752-இல் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பின்வாங்கி அரங்கன் கோயில் இருந்த தீவுக்குள் புகுந்தார். அந்த மாதங்களில் கோயிலின் திருமதில்கள் கோட்டை மதில்களாகவே கணக்கில் வந்தன. ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்தப் போரை நாள்வாரியாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். அவருடைய வரலாற்று நூலின் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. திருச்சியையும் சுற்றுப்புறத்தையும் காட்டும் வரைபடங்கள் அதில் உண்டு. அவற்றைப் படிக்கத் தமிழ்க் காது வேண்டும். 'எலிமிசெரம்' என்று இருப்பது திருவெறும்பூரின் எறும்பீசுவரம். 'வெய்கொண்டா' என்பது உய்யக்கொண்டான் திருமலை. 'ஜம்பகிஸ்தனா' திருவானைக்காவின் ஜம்புகேசுவரம், 'பிச்சாண்டா' பிச்சாண்டார்கோவில், 'வாரியோர்' உறையூர். சோழர் தலைநகராக இருந்த ஊருக்கு நேர்ந்த கதி இது! பொன்மலை மட்டும் தப்பித்தது: ஒலியைப் பிடிக்காமல் பொருளைப் பிடித்து 'கோல்டன் ராக்' ஆக்கிவிட்டார்கள். 1753-இல் அங்கே நடந்த சண்டைக்கும் அதுவே பெயர். இன்றைய ரயில்வே பணிமனைக்கும் அதே ஆங்கிலப் பெயர்தான்.

ஓர்ம் காட்டும் கோட்டைக்கு இரட்டை மதிலும் சுற்றிலும் அகழியும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதில்களை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். தூர்த்த இடத்தில் போட்ட சாலைகளுக்கு ஐரோப்பிய வழக்கப்படி 'பவுல்வர்டு' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது புலிவார்டு ரோடு ஆயிற்று. மேலப்புலிவார்டு ரோட்டிலும் கீழப்புலிவார்டு ரோட்டிலும் நடப்பவர் பழைய அகழியின் மேல்தான் நடக்கிறார். புலிக்கும் அந்தத் தெருக்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மேற்கு வாயிலான மெயின்கார்டு கேட் மட்டும் கடைவீதி நெரிசலுக்கு நடுவே நிற்கிறது. ஓர்மின் வரைபடத்தை இன்றைய தெருக்களோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

தூரிகையும் காக்காப்பொன்னும்

1792-இல் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் திருச்சிக்கு வந்தனர். காவிரியிலிருந்து தெரியும் மலைக்கோட்டை அவர்களுடைய புகழ்பெற்ற அச்சோவியங்களில் ஒன்று. கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டியின் துணையோடு வரைந்ததால் அளவுகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. ஆனால் வண்ணமும் அச்சும் லண்டனில் நடந்த வேலை. வானத்தின் நிறத்தை வைத்துத் திருச்சி வெயிலை அளக்க முடியாது.

அதே காலத்தையொட்டி உள்ளூர் ஓவியர்கள் இன்னொரு சந்தையைக் கண்டுபிடித்தார்கள். காக்காப்பொன், அதாவது அபிரகத் தகட்டின் மேல் வண்ணம் தீட்டி வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இதற்குத் திருச்சி பேர்பெற்ற இடம். தெய்வங்கள், ஊர்வலங்கள், தொழில் செய்வோர் என்று தொகுப்புத் தொகுப்பாகக் கிடைத்தன. சில தொகுப்புகளில் ஒரு விளையாட்டும் உண்டு: ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும்; தகடுகளில் முகமில்லாத உடைகள் இருக்கும்; ஒவ்வொன்றாக மேலே வைத்தால் அதே ஆள் வணிகராவார், சேவகராவார். வரைந்தவர்கள் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை. டேனியல்கள் மலையைப் பார்த்தார்கள், இவர்கள் மனிதர்களைப் பார்த்தார்கள். அன்றைய உடையும் கருவியும் தெரிய வேண்டுமானால் என் எண்ணத்தில் இந்த மலிவான தகடுகளே மேல்.

ட்ரைப்பின் மெழுகுத் தாள்

ஒளிப்படங்களில் முதலிடம் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்புக்கு (1822–1902). சென்னை ராணுவத்து அதிகாரியான இவரை 1856-இல் மாகாண அரசு தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. 1858-இல் சென்னையில் வெளியான தொகுதிகளில் திருச்சிக்கு ஒன்று, திருவரங்கத்துக்கு ஒன்று.

அவர் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு அல்ல, மெழுகேற்றிய தாள். வெப்பம் மிகுந்த ஊரில் நெடும்பயணம் செய்ய அது வசதி. ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி தேவைப்பட்டதால் அசைகிறவர்கள் மங்கிப்போனார்கள் அல்லது மறைந்தே போனார்கள். அவருடைய படங்களில் திருவரங்கத்து வீதியும் மண்டபமும் ஆளரவமற்றுத் தெரிவது இதனால்தான்; ஊர் காலியாக இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தாள் நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாக வரும் என்பதால் ட்ரைப் அதன்மேல் சாயம் தடவிச் சரிசெய்வார். சிலவற்றில் மேகங்களையும் வரைந்திருக்கிறார். கல் உண்மை, மேகம் கைவேலை.

1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதை வீண்செலவாகக் கருதியதால் அந்தப் பணி முடிந்தது. ட்ரைப்பின் படங்கள் 2014-இல் வாஷிங்டனிலும் அடுத்த ஆண்டு லண்டனிலும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

அடுத்து வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எட்மண்ட் டேவிட் லயன் 1867–68-இல் அரசுக்காகத் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். சாமுவேல் போர்ன் 1869-இல் வந்தார். பாயும் குதிரைகள் நிற்கும் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்கள் அக்காலப் படக்காரர்கள் விடாமல் எடுத்த காட்சி. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் அஞ்சலட்டைகளில் ஏறிவிட்டன.

மொட்டைக் கோபுரம்: ஒரு காலக் குறி

தேதியில்லாத திருவரங்கப் படம் கையில் கிடைத்தால் முதலில் தெற்கு வாயிலைப் பார்க்க வேண்டும். அங்கே கல்லாலான அடித்தளம் மட்டும் நின்றால் அது 1980-களுக்கு முந்தைய படம். நாயக்கர் காலத்திலிருந்து முடிவுறாமல் நின்ற ராயகோபுரம் அது. ஊரார் 'மொட்டைக் கோபுரம்' என்றே சொல்லிவந்தார்கள். முடித்திருந்தால் ஏறக்குறைய 300 அடி உயர்ந்திருக்கும் என்று 1876-இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் கணித்தார். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று கட்டி முடித்து, 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு நடந்தபோது அது 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்திருந்தது. இன்று திருவரங்கம் என்றதும் கண்ணில் வரும் அந்தக் கோபுரம் ட்ரைப்பும் போர்னும் பார்க்காதது.

எழுதி வைத்தவை

ஊரின் சொந்தக் குரல் எழுத்தில்தான் கேட்கிறது. கோயில் நிர்வாகம், கொடைகள், படையெடுப்புகள் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த கோயிலொழுகு அவற்றில் தலையாயது. அதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியில் அச்சான திருவரங்கக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். போர்க்காலத்துக்கு, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இருக்கிறது. ஓர்ம் ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து சொன்ன அதே திருச்சிச் செய்திகள் இங்கே பயமும் வதந்தியும் கடன் கவலையுமாக வந்து சேர்கின்றன.

1801-இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தபின் உருவான மாவட்ட ஆட்சியர் கடிதங்கள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைச் சாறு பிழிந்தவை இரண்டு நூல்கள்: லூயிஸ் மூர் 1878-இல் எழுதிய மாவட்டக் கையேடு, ஹெமிங்வே 1907-இல் எழுதிய கெசட்டியர். ஏசு சபையாரின் மதுரை மிஷன் ஏடுகள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. 1950-களுக்குப் பிந்தைய கோயில் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பே நாட வேண்டிய இடம்.

பட்டியல்களில் தேடும்போது இன்றைய பெயரோடு நின்றுவிடக் கூடாது. திருச்சி அங்கே 'ட்ரிச்சினாப்பொலி'; பழைய தாள்களில் 'ட்ரி' என்ற முதல் அசைக்குப் பின் ஒரு 't' கூடியும் குறைந்தும் வரும். திருவரங்கம் பெரும்பாலும் 'செரிங்கம்'. ட்ரைப்பின் தொகுதியே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.