சனிக்கிழமை சம்பளமும் முக்கால் பர்சன்ட் பிடித்தமும்

இந்த எபிசோடை ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

திருப்பூர்ல சனிக்கிழமைன்னா சம்பள நாள். ஓவர்லாக், பேட்லாக் ஓட்டுறவங்க, கட்டிங் மாஸ்டர், செக்கிங் அக்கா, அயர்ன் பண்றவங்கன்னு பெரும்பாலானவங்களுக்கு வாரக் கணக்குதான். அந்தக் கணக்கு முடியுற நேரத்துல அடிக்கடி கேக்குற ஒரு பேச்சு உண்டு: "பிடித்தமெல்லாம் வேண்டாமுங்க. முழுசா கையிலயே குடுத்துருங்க."

பிடித்தம்னா பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரெண்டும்தான். பி.எஃப். பணம் ஒருநாள் திரும்பி வரும்னு ஒரு நம்பிக்கையாவது இருக்கு. ஈ.எஸ்.ஐ. பத்தின எண்ணம் வேற. அது கம்பெனி குடுக்குற கார்டு. அதை வச்சு மருந்து மாத்திரை வாங்கலாம். கம்பெனி பணம் கட்டலைன்னா செல்லாது. வேற கம்பெனிக்குப் போனா அதோட முடிஞ்சுது. இப்படித்தான் பல பேர் நினைக்கிறாங்க. இது எதுவுமே சரியில்லை. ஆனா இப்படி நினைக்கிறவங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த எண்ணங்களுக்குப் பின்னால ஒரு நூறு வருஷக் கதை இருக்கு.

1923-ல பிரிட்டிஷ் இந்திய அரசு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்துச்சு. வேலையில அடிபட்டா முதலாளி பணம் தரணும். நல்ல சட்டம்தான், ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. பணம் அந்த ஒரு முதலாளியோட பாக்கெட்ல இருந்துதான் வரணும். அவர் மறுத்தா கேஸ் போடணும். அவர்கிட்டயே இல்லைன்னா, கேஸ் ஜெயிச்சும் பலன் இல்லை. காய்ச்சல், காசநோய், பிரசவத்துக்கெல்லாம் அந்தச் சட்டத்துல இடமே கிடையாது.

ஏறக்குறைய அதே காலத்துல, 1920-களின் நடுவுல, திருப்பூர்ல முதல் பனியன் கம்பெனி தொடங்குச்சு. கையால சுத்துற மெஷின், விரல் விட்டு எண்ணுற அளவு ஆட்கள். பக்கத்துல கோயம்புத்தூர்ல அப்போ பஞ்சு மில்கள் பெருகிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு மில்லுலயும் ஒரே கூரைக்குக் கீழே நூத்துக்கணக்கான பேர். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையோட முடிச்சு இங்கதான் இருக்கு.

1943-ல பேராசிரியர் பி.பி. அடார்க்கர்கிட்ட அரசு ஒரு வேலையை ஒப்படைச்சுது: தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு திட்டம் போடணும். 1944-ல அவர் அறிக்கை குடுத்தார். முதலாளியும் தொழிலாளியும் ஒரு பொது நிதியில பணம் போடணும், உதவி அந்த நிதியில இருந்து வரணும்கிறதுதான் சாரம். அதுல இருந்து வளர்ந்ததுதான் 1948-ம் வருஷ ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூர்ல நேரு திட்டத்தைத் தொடங்கி வச்சார். 1955-ல அது கோயம்புத்தூருக்கு வந்துச்சு.

கோயம்புத்தூர் மில் தொழிலாளிக்கு அது வந்து சேர்ந்துச்சு. ஆனா மின்சாரத்துல ஓடுற தொழிற்சாலையில 20 பேராவது வேலை செஞ்சாத்தான் சட்டம் பொருந்தும்னு இருந்துச்சு. பனியன் தொழிலோட அமைப்பு அப்படி இல்லையே! நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் ஒரு இடம். வேலை பெருகினாலும் கம்பெனிகள் சின்னதாவே இருந்துச்சு. ஒரே குடும்பம் வேற வேற பேர்ல நாலு யூனிட் நடத்துறதும் சகஜம். 1989-ல அந்த 20-ஐ 10 ஆக்கினாங்க. 2010-ல மின்சாரம் இருந்தாலும் இல்லைன்னாலும் 10 பேர் போதும்னு மாத்தினாங்க. அதுக்குள்ள ஒரு தலைமுறையே ஈ.எஸ்.ஐ. இல்லாம வேலை செஞ்சு பழகிடுச்சு.

அந்தத் தலைமுறைக்கு ஆபத்துல யார் உதவினாங்க? முதலாளிதான். திருப்பூர் முதலாளிகள்ல நிறைய பேர் மெஷின்ல உக்காந்து வேலை செஞ்சு மேல வந்தவங்க. ஷரத் சாரி 2004-ல வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' புத்தகம் இதைத்தான் விரிவா ஆராயுது. மொதலாளி நம்மாளு. கை வெட்டுப்பட்டா ஆஸ்பத்திரிச் செலவை அவர் பாத்துக்குவார், பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் தருவார். நல்ல மனசுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இப்படிப் பழகின ஊருக்கு ஈ.எஸ்.ஐ. வந்தப்போ, அதுவும் முதலாளி பாத்துச் செய்யுற இன்னொரு உதவியாத்தான் தெரிஞ்சுது. தயவுல கிடைக்கிறதை எப்படிங்க கேட்டு வாங்குறது?

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். காப்பீடு பெற்றவர்னா யாரு? யாருக்காகச் சந்தா 'கட்ட வேண்டியிருக்கோ' அவர். 'கட்டப்பட்டிருக்கோ'ன்னு எழுதலை. இந்த ஒரு சொல்லுலதான் எல்லாமே இருக்கு. உங்களுக்காகக் கட்ட வேண்டியது கம்பெனியோட கடமை. அவங்க கட்டலைங்கிறதால உங்க உரிமை அழிஞ்சு போகாது. கார்ப்பரேஷன் உங்களுக்கு உதவியைக் குடுத்துட்டு, கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக்கலாம். விபத்துக்கு அப்புறம் சந்தா கட்டியிருந்தாலும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டுன்னு 2002 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. 2025 நவம்பர் 21-ல இருந்து ஈ.எஸ்.ஐ. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்துடுச்சு. அதுலயும் இந்தச் சொல் அப்படியேதான் இருக்கு.

கான்ட்ராக்ட்காரர் கூட்டிட்டு வந்த ஆட்களுக்கு? பீஸ் ரேட்ல தைக்கிறவங்களுக்கு? அவங்களும் தொழிலாளிதான். முதல்ல கட்ட வேண்டியது கம்பெனி. கான்ட்ராக்ட்காரர்கிட்ட வாங்கிக்கிறது கம்பெனியோட பாடு.

அடுத்தது, "ஈ.எஸ்.ஐ.ன்னா ஆஸ்பத்திரி மட்டும்தான்"ங்கிற எண்ணம். வேலையில அடிபட்டு மூணு நாளாவது வேலைக்குப் போக முடியலைன்னா, குணமாகுற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம் உண்டு. இதுக்கு இத்தனை நாள் வேலை செஞ்சிருக்கணும்னு எந்த நிபந்தனையும் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. 2010 திருத்தத்துக்கு அப்புறம், வீட்டுக்கும் வேலைக்கும் போய் வர்ற வழியில நடக்குற விபத்தும் இதுல சேரும். பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். வேலை விபத்துல உயிர் போனா குடும்பத்துக்கு மாசாமாசம் உதவித்தொகை.

காய்ச்சல், ஆபரேஷன்னு சாதாரண நோய்க்கு வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் உண்டு. இங்க கவனமா இருக்கணும். அதுக்கு முந்தின ஆறு மாசச் சந்தாக் காலத்துல 78 நாளாவது உங்க பேர்ல சந்தா இருக்கணும். நீங்க 150 நாள் வேலை செஞ்சு, கணக்குல 60 நாள்னு மட்டும் எழுதியிருந்தா, நோய் வந்து படுக்கும்போதுதான் அது தெரிய வரும். "பிடித்தம் வேண்டாம்"னு சொல்றப்போ நிஜத்துல கைவிட்டுப் போறது இதுதான்.

அந்தப் பிடித்தம் எவ்வளவு? 2019 ஜூலையில இருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. மாசம் 15,000 ரூபாய் வாங்குறவருக்கு 112 ரூபாய் 50 காசு. கம்பெனி போடுறது 487 ரூபாய் 50 காசு. சனிக்கிழமைக் கணக்குல பாத்தா உங்க பங்கு ரெண்டு டீக் காசு.

குறை இல்லைன்னு சொல்லலை. 2019 பிப்ரவரி 10-ம் தேதி திருப்பூர்ல 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்தத் தேதி வரைக்கும் இந்த ஊர்த் தொழிலாளிகளுக்கு இருந்தது ரெண்டு டிஸ்பென்சரி. பெரிய சிகிச்சைன்னா 50 கிலோமீட்டர் தள்ளி கோயம்புத்தூர் போக வேண்டியிருந்துச்சு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரிசையில நின்னவருக்கு "இதெல்லாம் எதுக்குங்க"ன்னு தோணத்தான் செய்யும். ஆனா ஆஸ்பத்திரி சரியில்லைன்னா ஆஸ்பத்திரியைத்தான் கேக்கணும். உரிமையை விட்டுக்குடுக்குறதால வரிசை குறையாது.

ஆபீஸ்ல மெர்ச்சன்டைசரா இருக்குற தம்பி, தங்கைகளுக்கு ஒண்ணு. சம்பளம் 21,000 தாண்டினதும் மறுநாளே ஈ.எஸ்.ஐ. நின்னுடாது; அந்தச் சந்தாக் காலம் முடியுற வரைக்கும் தொடரும். அதுக்கு மேல கம்பெனி எடுத்துத் தர்ற குரூப் பாலிசி பெரும்பாலும் வேலையை விட்ட அன்னைக்கே முடிஞ்சுடும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க.

உங்க ஈ.எஸ்.ஐ. நம்பர் உங்களோடது. கம்பெனி மாறினாலும் அதே நம்பரைத்தான் குடுக்கணும். ஈ.எஸ்.ஐ. இணையதளத்துல அதைப் போட்டா, உங்க பேர்ல எத்தனை நாளுக்குச் சந்தா வந்திருக்குன்னு பாக்கலாம். அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு, காதர்பேட்டைப் பக்கம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் அதைப் பாருங்க. வீட்டுல மெஷின் ஓட்டுற அம்மா, அக்கா இருந்தா அவங்க நம்பரையும் சேர்த்துப் பாருங்க.