சாத்தன்: ஒரு பெயரின் ஏற்றமும் இறக்கமும்

முன்னுரை

மக்கட்பெயர்கள் சமூக வரலாற்றை அறிய உதவும் சான்றுகளாகும். சங்க காலத்தில் பெருவழக்காக இருந்த சாத்தன் என்னும் ஆண்பாற்பெயர் இன்று தமிழகத்தில் தனிப்பெயராக அரிதாகவே இடப்படுகிறது. அதன் தோற்றமும் அது வழக்குக் குன்றிய வரலாறும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சொற்பிறப்பு

இப்பெயர்க்கு இருவகையாகப் பொருள் கூறுவர். வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது ஒரு கருத்து. கோவலனின் தந்தை மாசாத்துவான் வணிகன் என்பதும், மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார் கூலவாணிகர் எனப்படுவதும் இதற்கு அரணாகின்றன. ஆசான் எனப் பொருள்படும் 'சாஸ்தா' என்பதன் தமிழ் வடிவமே சாத்தன் என்பது மற்றொரு கருத்து. புத்தர்க்கும் ஐயனார்க்கும் இப்பெயர் வழங்கியது. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் தெய்வமாகவே வருகிறான்.

வழக்கு மிகுதி

எனினும் இப்பெயர் ஒரு குழுவினர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன், பாண்டியன் கீரஞ்சாத்தன் முதலிய தலைவர்கள் புறநானூற்றில் பாடப்பெற்றுள்ளனர். ஒக்கூர் மாசாத்தனார், மாசாத்தியார் என ஆண்பால், பெண்பால் இரண்டிலும் புலவர் பெயராக இது அமைந்தது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிமில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிப் பானையோடுகளுள் ஒன்றிலும் இப்பெயர் காணப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நார்த்தாமலைக் குடைவரையை எடுப்பித்தவன் சாத்தன் பழியிலி என்னும் முத்தரையன். தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தொடர்களில் சாத்தன், கொற்றன் என்னும் பெயர்களையே மிகுதியும் ஆண்டனர். யாவர்க்கும் பொருந்தும் பொதுப்பெயராக இது கருதப்பட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வழக்கு வீழ்ச்சி

பக்தி இயக்கத்திற்குப்பின் சிவன், திருமால், முருகன் ஆகியோரின் பெயர்களை மக்கட்கு இடும் வழக்கம் பெருகியது. ஊர்த்தெய்வத்தைச் சுட்டவும் ஐயனார் என்னும் பெயரே நிலைத்தது. விவிலியத் தமிழில் வரும் 'சாத்தான்' எபிரேய மூலமுடைய வேறு சொல்லாயினும், அதன் ஒலியொப்புமை இப்பெயர்க்கு நன்மை செய்யவில்லை.

கேரளத்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. அங்குச் சாஸ்தா சபரிமலையில் பெருந்தெய்வமாக விளங்க, குட்டிச்சாத்தன் குறும்பும் அச்சமும் விளைவிக்கும் சிறுதெய்வமாகக் கருதப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியினரின் பெயர்களை இடலாகாது என்னும் கட்டுப்பாடு நிலவிய அச்சமூகத்தில், சாத்தன் என்னும் தனிவடிவம் அவர்தம் அடையாளமாக நோக்கப்பட்டு இழிவுக்குள்ளாயிற்று. அப்பெயருடனேயே பொதுவாழ்வில் உயர்ந்த புலையர் சமூகத் தலைவர் பி.கே. சாத்தன் மாஸ்டர், 1957ஆம் ஆண்டு அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

எச்சங்கள்

நகரத்தாரிடையே சாத்தப்பன் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் மரபு இதனைக் காத்துவந்துள்ளது எனலாம். சாத்தனூர், சாத்தான்குளம், சாத்தமங்கலம் முதலிய ஊர்ப்பெயர்களிலும் இதன் சுவடுகள் எஞ்சியுள்ளன.

முடிவுரை

வணிகர், புலவர், தலைவர், தெய்வம் என அனைவர்க்கும் பொதுவாயிருந்த பெயர் இழிந்தது, அதன் பொருள் இழிந்தமையால் அன்று. அதனைத் தாங்கியோரைச் சமூகம் தாழ்வாக நோக்கியமையாலேயே எனத் துணியலாம்.