படித்தவரைப் பழித்த வங்கம்

வங்க மக்கள் கல்வியைத் தெய்வமாகப் போற்றுவோர் என்பதை இங்கு வாழும் தமிழராகிய நாம் நன்கு அறிவோம். சரசுவதி பூசையன்று பெஹாலாவில் தெருவுக்குத் தெரு பந்தல் எழுகிறது. சிறுவர் தம் நூல்களைத் தேவியின் திருவடியில் வைத்துவிட்டு, அன்று ஏட்டைத் தொடுவதில்லை. ஆயினும் படித்தவனை எள்ளி நகையாடும் வழக்கமும் இந்நிலத்தில் பழமையானதே.

ஆதிகங்கையைக் கடந்தால் காளிகாட் கோயில். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், அதன் வாயிலில் பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள் யாத்திரிகருக்கு மலிவு விலையில் படங்கள் விற்றனர். அவற்றில் ஆங்கிலம் கற்ற 'பாபு' கொசுவிய வேட்டியும் பளபளக்கும் பாதரட்சையுமாக, கையில் ஹுக்காவோ ரோஜாவோ ஏந்தி வீற்றிருப்பார்; வேறொரு படத்தில் மனைவியிடம் துடைப்பத்தால் அடிபடுவார். குருசதய் தத்தர் திரட்டிய இத்தகைய படங்கள், பெஹாலாவுக்குத் தெற்கே ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தைச் சேர்ந்தவை. பட்டுவா சிரித்தது பாபுவின் பகட்டைக் கண்டே. அவன் படித்த புத்தகத்தைக் கண்டு அன்று.

ஏட்டிலும் அந்தச் சிரிப்பு எழுந்தது. 1862-இல் 'ஹூதோம் பேஞ்சார் நக்ஷா' எழுதி நகரத்துப் பாபுக்களைச் சாடிய காளிபிரசன்ன சிங்கர், பண்டிதர்களைக் கொண்டு மகாபாரதத்தை வங்காளியில் வெளியிட்ட பெருமகன். பாபுவைப் பற்றி அங்கதக் கட்டுரை வரைந்த பங்கிம் சந்திரரோ, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர்! நம் பரமார்த்த குருவின் கதையும் பன்மொழிப் புலவரான பெஸ்கி பாதிரியார் எழுதியதேயன்றோ?

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்டீவன்சனையும் அவரை ஆதரித்த அறிஞரையும் 'முட்டைத் தலையர்' என்று எதிர்ப்பாளர் கேலி செய்தனர். அத்தகைய வெறுப்பு சமயப் பிரசாரம், வணிகம், அரசியல் ஆகியவற்றில் எவ்வாறு வளர்ந்தது என்பதை ரிச்சர்டு ஹாஃப்ஸ்டாடர் 1963-இல் ஒரு நூலாகவே எழுதினார். அங்கே ஏளனம் பெரும்பாலும் அறிஞர் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. வங்கத்திலோ அது உள்ளிருந்தே பிறந்தது. 1970-இல் சிரிப்பு மறைந்து சினம் மூண்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

அவ்வாண்டு கல்லூரிச் சதுக்கத்தில் வித்யாசாகரின் சிலை தலை துண்டிக்கப்பட்டது. நக்சல்பாரி இயக்கத்து இளைஞர்களின் செயல் அது. 1855-இல் வித்யாசாகர் இயற்றிய 'வர்ணபரிசயம்' வங்கக் குழந்தைகளின் அரிச்சுவடி. சிலையை உடைத்த கைகளும் அந்நூலைக் கொண்டே எழுதப் பழகியிருத்தல் கூடும். இத்தகைய சிலையுடைப்பை, ஆங்கிலேயருக்குத் துணைநின்ற வகுப்பாரின் மீது விழுந்த அடி என்று நியாயப்படுத்தி எழுதிய சரோஜ் தத்தர் யார்? கவிஞர், பத்திரிகையாளர். மறு ஆண்டு ஆகஸ்டில் போலீசார் பிடித்துச் சென்றதாகக் கூறப்படும் அவர் திரும்பி வரவேயில்லை.

பாபுவின் பாதரட்சையைப் பழிப்பதற்கும் பள்ளியையே பழிப்பதற்கும் உள்ள தொலைவை வங்கம் விரைந்து கடந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. கல்லூரிகளைத் துறந்து கிராமங்களுக்குச் செல்லுமாறு சாரு மஜும்தார் மாணவரை அழைத்திருந்த காலம் அது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பிலிருந்த பேராசிரியர் கோபால் சென், தேர்வுகளை நடத்தியே தீர்வது என்று உறுதியாக நின்றார். 1970 டிசம்பர் 30-ஆம் நாள் பல்கலைக்கழக வளாகத்திலேயே அவர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது.