ரெண்டு சட்டக் கல்லூரி, ஒரு தபால்காரர்

ஹீமன் ஸ்வெட். டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டன்ல தபால்காரர், கறுப்பர். 1946-ல டெக்ஸாஸ் பல்கலைக்கழக சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சார். தகுதி இருக்கு, நிறம்தான் தடைன்னுட்டாங்க. கேஸ் போட்டார்.

உடனே அரசாங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா? 1947-ல அவசர அவசரமா, கறுப்பர்களுக்குன்னே ஆஸ்டின்ல ஒரு கட்டடத்தோட அடித்தளத்துல தனிக் கல்லூரி திறந்துச்சு. வயசு 34. சேர்ந்திருந்தா நேரா வக்கீல் ஆகியிருக்கலாம். நம்மள்ல பல பேர் சேர்ந்திருப்போம். அவர் மாட்டேன்னுட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. வாதாடினவர்கள்ல ஒருத்தர் தர்குட் மார்ஷல். அதுக்குள்ள தனிக் கல்லூரி ஹூஸ்டனுக்கு மாறி கொஞ்சம் வளர்ந்திருந்தது. 1950 தீர்ப்புல ரெண்டையும் ஒப்பிட்டாங்க. இந்தப் பக்கம் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 65,000 புத்தகங்கள். அந்தப் பக்கம் 5 பேர், 16,500 புத்தகங்கள். ஆனா அதைவிட முக்கியம், எண்ணிப் பார்க்க முடியாத விஷயங்கள்னாங்க: கல்லூரியோட பேரு, பழைய மாணவர்கள், யாரோட சேர்ந்து படிக்கிறோம்ங்கறது.

ஸ்வெட் ஜெயிச்சு சேர்ந்தார். உடம்பும் குடும்பமும் ஒத்துழைக்கலை. 1952-ல பட்டம் வாங்காமலே வெளியேறினார். ஆனா 1954 பிரவுன் தீர்ப்புக்கு இந்த வழக்கு ஒரு படிக்கட்டு.

வக்கீல் ஆகாத அவரை தோத்தவர்னு சொல்வீங்களா? என்னால முடியலைங்க.