அம்மை என்னும் ஒரு சொல்



நோய்க்கு மருந்து காணுமுன் அதற்குரிய பெயரைத் தெளிதல் வேண்டும். பெயர் மயங்கினால் காப்பும் மயங்கும். இதற்கு நம் வீடுகளில் வழங்கும் 'அம்மை' என்னும் சொல்லே தக்க சான்று.

பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி எனப்படும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி எனப்படும் தாளம்மை ஆகிய நான்கு நோய்களை இவ்வொரு சொல் குறித்து வந்திருக்கிறது. அம்மை என்றால் தாய். நோயைத் தாயின் வருகையாகக் கருதிய நம் முன்னோர், வாயிலில் வேப்பிலை செருகி, நோயுற்றவரைத் தனியே வைத்துப் பேணினர். தனிமை நல்லதே, பெயரின் பொதுமைதான் மயக்கம் தந்தது.

பிற நாட்டாரும் இவ்வாறு மயங்கியவர்களே. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் பாரசீக மருத்துவர் அல் ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூல் எழுதினார். சின்னம்மையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் பெரியம்மையின் மெலிந்த வடிவமாகவே எண்ணப்பட்டது. இரண்டும் வெவ்வேறு என்று 1767-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் விளக்கினார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியா? அன்று. பெரியம்மை வந்து பிழைத்தவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். சின்னம்மை கண்டு தேறிய ஒருவர், தமக்கு வந்தது பெரியம்மையே என்று நம்பிவிட்டால் என்னாகும்? அச்சமின்றிப் பெரியம்மை நோயாளியின் அருகே செல்வார். உயிரையே இழக்கவும் கூடும்.

1796-இல் எட்வர்ட் ஜென்னர், பசுவுக்கு வரும் அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் காட்டினார். பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே 'வாக்சின்' என்னும் பெயர் பிறந்தது. நம்மவர் அதனை 'அம்மை குத்துதல்' என்றனர். எல்லா அம்மைக்கும் அது காப்பு என்று அப்பெயர் எண்ணச் செய்யும். உண்மையில் அது பெரியம்மையை மட்டுமே தடுத்தது. அந்நோய் உலகினின்று ஒழிந்தது என 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஏனைய மூன்றும் ஒழியவில்லை.

மற்றொரு விந்தையும் உண்டு. சின்னம்மை தேறிய பின்னும் அதன் வைரஸ் நரம்புகளில் உறங்கிக் கிடக்கும். பல்லாண்டுகள் கழித்து அக்கியாக வெளிப்படும். அம்மை என்ற ஒரு பெயருக்குள் நான்கு நோய்கள். இங்கோ ஒரே வைரஸுக்கு இரண்டு நோய்ப் பெயர்கள்!

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், "அம்மை கண்டிருக்கிறது" என்று வரும் விடுப்புக் கடிதங்களைக் கண்டால், "எந்த அம்மை?" என்று கேட்டனுப்புவேன். அவ்வினாவை இனி நீங்களும் கேளுங்கள். தட்டம்மை இன்றும் குழந்தைகளின் உயிரைக் கவர்கிறது. அதற்குரிய தடுப்பூசி நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எவ்வெந்நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்டது என்பதைப் பெயர் பெயராகப் படித்து, பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கற்றவர் செய்யத்தக்க தொண்டுகளுள் அதுவும் ஒன்று.