ஈ ஓட்டும் வேலை யாருக்கு? குதிரை லாயங்களின் குட்டி வரலாறு

கடையில் வியாபாரம் இல்லைன்னா "அண்ணன் ஈ ஓட்டிட்டு இருக்கார்"னு கிண்டல் பண்ணுவோம். வேலையே இல்லாதவர் பார்க்கும் வேலைன்னு அர்த்தம். ஆனா ஒரு குதிரை லாயத்தில் ஈ ஓட்டுவது தினசரி வேலை. ஒரு நாள் விட்டா மறுநாள் தெரியாது, பத்தாவது நாள் தெரியும். அந்த வேலைக்கு வரலாற்றில் யார் ஆள் போட்டார்கள், யார் போடவில்லை? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு ஆஸ்பத்திரி

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1060-களின் பிற்பகுதி. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, எல்லாம் நடந்ததை அது பதிவு செய்கிறது.

குதிரைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. இருந்தாலும் நான் இங்கே தொடங்க ஒரு காரணம் இருக்கு. "மன்னர் மருத்துவமனை கட்டினார், வாழ்க"ன்னு இந்தக் கல்வெட்டு முடிஞ்சுடல. 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இரண்டு பேர். நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு. கட்டடம் கட்டுவது ஒரு நாள் செய்தி, அதை நடத்துவது தினசரி செலவு. அந்த தினசரி செலவைத்தான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதே மாதிரி ஒரு பட்டியல் குதிரைக்கும் உண்டு. அது இதைவிட ரொம்பப் பழசு.

அர்த்தசாஸ்திரத்தின் லாயம்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரியைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. லாயம் எப்படி இருக்கணும்னு ஏறக்குறைய ஒரு ஸ்பெக் டாக்குமென்ட். ஒவ்வொரு கொட்டடிக்கும் வழவழப்பான பலகைத் தரை. தீனிக்குத் தனி இடம். கதவு வடக்கு அல்லது கிழக்கு பார்த்து. முக்கியமா, சாணமும் மூத்திரமும் வெளியேற வழி.

அப்புறம் ஆட்கள்: புல் கொண்டுவர ஒருவர், தீனி சமைக்க ஒருவர், கொட்டடியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், முடி வெட்ட ஒருவர், விஷ வைத்தியர் ஒருவர். திருமுக்கூடல் பட்டியலிலும் நாவிதர், இங்கேயும் நாவிதர்!

அந்த 'சாணம் வெளியேற வழி' ஏன் அவ்வளவு முக்கியம்? கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ லத்தி போடும். ஒரு பெண் வீட்டு ஈ ஒரு தடவைக்கு 100 முட்டைக்கு மேல் இடும். நம்ம ஊர் வெயிலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற முழுச் சுற்றும் ஏழு முதல் பத்து நாளில் முடிந்துவிடும். எல்லாம் பிழைத்து, பாதி பெண் என்று வைத்தால், முதல் தலைமுறை 100, இரண்டாவது 5,000, மூன்றாவது 2,50,000. ஒரே மாசம்! நிஜத்தில் கோழி தின்னும், எறும்பு தின்னும், பாதி காய்ந்து சாகும். ஆனா சுழற்சி புரிஞ்சுதா? ஏழு நாளுக்குள் லத்தியை அகற்றினால் அந்தச் சுற்றே முடியாது.

வாங்கத் தெரிந்தது, வளர்க்க?

தமிழ்நாட்டில் போர்க்குதிரை பெரும்பாலும் இறக்குமதிதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 1290-களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஒருவரே வருஷத்துக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குகிறார், வருஷக் கடைசியில் அதில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். சோறும் இறைச்சியும் சேர்த்துத் தீனி போடுகிறார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆர்டர்!

போலோவின் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் குதிரைகள் ஈயால் செத்தன என்றும் அவர் சொல்லவில்லை. தீனி, வெயில், நோய் என்று காரணங்கள் பல இருக்கலாம். நான் கவனிப்பது வேறு: வாங்குவதற்குக் கஜானா திறந்திருந்தது, பராமரிக்கத் தெரிந்தவர் மட்டும் இல்லை. பெரிய பட்ஜெட்டில் சர்வர் வாங்கிட்டு, அதைப் பார்த்துக்க ஆள் எடுக்காத கம்பெனி மாதிரி.

1880: ஈ மேல் சந்தேகம்

ஈ தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்பதற்கு நம் துணைக்கண்டத்திலும் அறிவியல் பூர்வமான சான்று கிடைத்தது. 1880-ல் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் (இன்றைய பாகிஸ்தான்) ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சுர்ரா' என்ற நோயில் செத்துக்கொண்டிருந்தன. காய்ச்சல், ரத்தசோகை, கால் வீக்கம். தீனி தின்னும், ஆனாலும் உடம்பு உருகிக்கொண்டே போகும். ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அவற்றின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, துள்ளி நெளியும் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார். இன்று அதன் பெயர் டிரிப்பனசோமா எவன்சி.

உள்ளூர் மக்கள் பெரிய கடி ஈக்கள் மேல் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவன்ஸ் அதையும் குறித்துவைத்தார். ஆனால் அந்த உயிரிதான் நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவப் பெரியவர்கள் லேசில் ஏற்கவில்லை. எலி ரத்தத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கு, எலி நல்லாத்தானே ஓடுது என்பது அவர்கள் வாதம். 1901-ல் லியோனார்ட் ராஜர்ஸ் சோதனை செய்து, நோயுள்ள விலங்கைக் கடித்த ஈயை உடனே நல்ல விலங்கின் மேல் விட்டால் நோய் தொற்றுகிறது என்று காட்டினார். கொசு உடம்பில் மலேரியாக் கிருமி வளர்வது போல இது ஈயின் உடம்பில் வளர்வதில்லை. பாதிக் கடியில் குதிரை வாலால் அடிக்கும், ஈ ரத்தம் ஒட்டிய வாயோடு பக்கத்துக் குதிரைக்குத் தாவும். அவ்வளவுதான். அதனால்தான் நோயுற்ற குதிரையைத் தள்ளிக் கட்டுவதே பாதி வைத்தியம்.

மூன்று ஈ, மூன்று முகவரி

இங்கேதான் பலர் குழப்பிக்கொள்வார்கள். லாயத்தில் வருவது ஒரே ஈ இல்லை.

முதலாவது, வீட்டு ஈ. கடிக்காது. கண், மூக்கு, புண்ணில் மொய்க்கும். முகவரி: புது லத்தி.

இரண்டாவது, லாயத்து ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனா குத்தும். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும். குறி வைப்பது காலை. குதிரை சும்மா சும்மா காலைத் தரையில் தட்டினால் பெரும்பாலும் இதுதான். முகவரி: மூத்திரத்தில் ஊறி அழுகும் வைக்கோல், சிந்திய தீனி.

மூன்றாவது, பெரிய குதிரை ஈ. சுர்ரா பரப்புவதில் முக்கியமான ஆசாமி. முகவரி: ஆற்றங்கரை, ஏரிக்கரைச் சேறு. லாயத்தை எவ்வளவு கழுவினாலும் இது குறையாது. கறுத்த, பெரிய, பளபளக்கும் பொருளைத் தேடி வருவதால், வெயிலில் கறுப்புப் பந்து தொங்கவிட்ட பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். 2019-ல் டிம் கேரோ குழுவினர் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட துணி போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் பக்கத்தில் வந்தன, ஆனால் துணி மூடிய இடத்தில் உட்காருவது வெகுவாகக் குறைந்தது!

ஒரு ஸ்ப்ரே போதாதா?

1939-ல் பால் முல்லர் டிடிடி-யின் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசு. ஆனால் பரிசு கைக்கு வரும் முன்பே, 1947 வாக்கில், ஸ்வீடனிலும் இத்தாலியிலும் டிடிடி-க்குச் சாகாத வீட்டு ஈக்கள் வந்துவிட்டன. பத்து நாளுக்கு ஒரு புது தலைமுறை வெளியிடும் எதிராளியோடு மோதுகிறோம், மறக்காதீங்க. மருந்து ஒரு பேட்ச். மூலக்காரணம் குப்பையில் அப்படியேதான் இருக்கு.

தொழுவத்தில் வேப்பிலை மூட்டம் போடும் நம்ம ஊர் வழக்கமும் புகை இருக்கும்வரைதான். நிலைத்த பலன் தருவது சலிப்பான வேலைகள்தான். தினமும் லத்தி அள்ளுவது. ஈர வைக்கோலை மாற்றுவது. அள்ளியதைத் தள்ளிக் குவித்து மூடி வைப்பது. குவியல் நன்றாக மட்கும்போது உள்ளே ஏறும் சூட்டில் புழு செத்துவிடும். கொட்டடியில் ஒரு ஃபேன், ஏன்னா காற்றில் ஈயால் நிலையாகப் பறக்க முடியாது.

அரசனுக்கு வீசிய சாமரமும் அடிப்படையில் ஈ ஓட்டிதான். அது பெருமையின் சின்னமாகிவிட்டது. லத்தி அள்ளிய கைக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஆனா குதிரையைக் காப்பாற்றியது அந்தக் கைதான். திருமுக்கூடல் கல்வெட்டு எனக்குப் பிடிப்பது இதனால்தான்: வைத்தியருக்குப் பக்கத்திலேயே தண்ணீர் சுமப்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது.

அடுத்த முறை மெரினாவில் குதிரை சவாரிக்குப் பேரம் பேசும்போது, அதன் கண்ணையும் காலையும் ஒரு நிமிஷம் பாருங்க. கண்ணில் ஈ மொய்க்குதா? காலைத் தட்டிக்கிட்டே இருக்கா? அதன் லாயத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு நேரமும் கூலியும் கிடைக்குதான்னு அதிலேயே ஓரளவு தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.